கேமரா உங்களுடையது, கணக்கு யாருடையது?

வாசகர் கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் கேமரா, ரௌட்டர் மாட்டிக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். கேபிள் டிவி காலத்திலிருந்தே ஏணி ஏறுகிற வேலைதான். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாசல் கேமரா பற்றியே இருந்தன. பிரிட்ஜ், மிக்ஸி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் வாங்கி அனுப்பிய வைஃபை கேமராவை வாசலில் மாட்ட நினைத்தேன். பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தும் 'இணைக்க முடியவில்லை' என்றே வருகிறது. அதே வைஃபையில் என் போன் நன்றாக ஓடுகிறது. கேமரா பழுதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவொற்றியூர்

திருப்பி அனுப்பிவிடாதீர்கள் ஐயா. இந்தப் புகாரில் கேமரா பழுதாக இருப்பது அபூர்வம். வீட்டு ரௌட்டர்கள் இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. உங்கள் போன் இரண்டையும் பிடிக்கும். விலை குறைந்த வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். ரௌட்டரோ இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும். போன் 5-ல் உட்கார்ந்துகொண்டு கேமராவைக் கூப்பிட்டால் சில ஆப்கள் குழம்பிவிடும்.

ரௌட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ள ஸ்டிக்கரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போல ஓர் எண் இருக்கும். வைஃபையில் இருக்கும் போனின் பிரௌசரில் அந்த எண்ணை அடித்தால் ரௌட்டரின் பக்கம் திறக்கும். அங்கே 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் அணைத்துவிட்டு கேமராவை இணையுங்கள். இணைந்ததும் 5-ஐ மறுபடி போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு வகை 'டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும்' என்று இருந்தால் 'டபிள்யூ.பி.ஏ. 2' சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். வைஃபை பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தாலும் சில கேமராக்கள் திணறும். மாட்டும் நேரத்துக்கு மட்டும் போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். இருப்பிட அனுமதி கேட்டால் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் பக்கத்து வைஃபைகளைத் தேட அது தேவைப்படும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். எப்போதும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேமரா ஆப்புக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இன்னொன்று. நம் பக்கத்து வீடுகள் முன்னால் பத்தடி, உள்ளே அறுபதடி. ரௌட்டர் பின்னறையில், அதுவும் ஸ்டீல் பீரோவின் மேல் இருந்தால் சிக்னல் வாசலுக்கு வந்து சேராது. அதை நடு அறைச் சுவருக்குக் கொண்டுவாருங்கள்.

ரௌட்டர் பக்கத்துக்குள் போய்விட்டீர்கள் அல்லவா, அப்படியே இன்னும் இரண்டு வேலைகளையும் முடித்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வேறு, வைஃபை பாஸ்வேர்ட் வேறு. முதலாவதை யாருமே மாற்றுவதில்லை. வைஃபை கொடுத்த விருந்தாளி எவரும் 'அட்மின், அட்மின்' என்று அடித்து உள்ளே வந்துவிடலாம். அதை மாற்றுங்கள். அடுத்து, வைஃபை பாஸ்வேர்ட் அடிக்காமலேயே கருவிகளைச் சேர்க்கும் 'டபிள்யூ.பி.எஸ்.' என்ற வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை ரௌட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது என்பதால், 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

மாவு அரைத்து விற்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கும் மேலே வீட்டுக்குமாக நான்கு கேமரா. போனை மாற்றியதும் எதுவும் தெரியவில்லை. மாட்டிய பையனைக் கேட்டால் 'பாஸ்வேர்ட் என்கிட்டதான் இருக்கு, நேர்ல வந்து போடணும், 500 ரூபா ஆகும்' என்கிறான். மூன்று வாரமாக வரவில்லை. என் கேமராவுக்கு அவனிடம் பாஸ்வேர்ட் இருப்பது சரியா?
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

சரியே இல்லை அக்கா. 500 ரூபாயை விடுங்கள். அந்தப் பையன் தன் வீட்டில் உட்கார்ந்தபடி இன்றைக்கும் உங்கள் கல்லாவைப் பார்க்கலாம். பார்க்கிறான் என்று சொல்லவில்லை. பார்க்க முடியும் என்பதே போதாதா?

இதில் இரண்டு தனித்தனி அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று, கேமராக்களின் படத்தைப் பதிவுசெய்கிற டி.வி.ஆர். பெட்டிக்குள் இருக்கும் 'அட்மின்' பாஸ்வேர்ட். பதிவை அழிப்பது, நேரத்தை மாற்றுவது, புது ஆளைச் சேர்ப்பது எல்லாம் அதன் கையில். இன்னொன்று, போன் ஆப்பில் இருக்கும் கணக்கு. பெட்டியின் சீரியல் எண் ஏதோ ஒரு மொபைல் நம்பரின் பெயரிலோ மின்னஞ்சலின் பெயரிலோ பதிவாகியிருக்கும். பெரும்பாலான ஆப்களில் அந்தக் கணக்குதான் 'ஓனர்'. மற்றவர்களுக்கு அவர் 'ஷேர்' செய்து கொடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் தொழிலில் அவசரம் அதிகம். ஏணியில் நின்று வேர்த்து வழிந்து கேபிள் இழுத்த பிறகு, வீட்டுக்காரரின் போனை வாங்கி, கணக்கு தொடங்கி, ஓ.டி.பி. கேட்டு, மறந்துபோன ஜிமெயில் பாஸ்வேர்டைத் தேடி... அதற்குப் பொறுமை இருக்காது. தன் கணக்கிலேயே சேர்த்து உங்களுக்கு ஷேர் போட்டுவிட்டால் இரண்டு நிமிஷத்தில் படம் தெரியும், மிச்சப் பணமும் கைக்கு வரும். ஒரு தெருவில் எட்டு வீட்டுக்கு மாட்டினால் எட்டுக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட், பெரும்பாலும் கடைப் பெயரும் 123-ம். சர்வீஸுக்கு வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி. கெட்ட எண்ணம் இல்லாமலேயே இது நடக்கிறது. ஆனால் அந்தப் பையன் வேலையை விட்டுப் போகிறான், போனைத் தொலைக்கிறான், பழைய போனை விற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வீட்டின் வாசலும் அந்தப் போனில்தான் இருக்கின்றன.

உங்களுடையது அப்படித்தானா என்று பார்க்க, பழைய போன் கையில் இருந்தால் ஆப்பைத் திறந்து டி.வி.ஆர். பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள். 'ஷேர் செய்யப்பட்டது' என்ற மாதிரி எழுதியிருந்தால் நீங்கள் விருந்தாளி. உங்கள் கணக்குக்குள் போய் 'ஷேர் செய்' என்ற வசதி திறந்தால் நீங்கள் ஓனர்.

விருந்தாளி என்று தெரிந்தால் செய்ய வேண்டியது இது. அவனை வரச் சொல்ல வேண்டாம். அவன் ஆப்பில் உங்கள் டி.வி.ஆரை 'டெலீட்' செய்யச் சொல்லுங்கள். அதற்கு நேரில் வரத் தேவையில்லை, இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். அட்மின் பாஸ்வேர்டையும் போனில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவன் நீக்கிய பிறகு உங்கள் புதுப் போனில் உங்கள் நம்பரில் கணக்கு தொடங்கி, பெட்டியின் அடியில் இருக்கும் க்யூ.ஆர். ஸ்டிக்கரைப் பிடித்தால் சேர்ந்துவிடும். சேர்க்கும்போது ஒரு சரிபார்ப்புக் குறியீடு கேட்கும். அது ஸ்டிக்கரிலேயே இருக்கும், அல்லது டி.வி.ஆரின் நெட்வொர்க் அமைப்பில் மாட்டியவர் எழுதியதாக இருக்கும்.

போனே எடுக்கவில்லை என்றால், பில்லோடு கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசுங்கள். சீரியல் எண்ணையும் பில்லையும் பார்த்து, பழைய கணக்கிலிருந்து பெட்டியை விடுவிக்கவும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றவும் வழி சொல்வார்கள். அதனால்தான் பில் இல்லாமல் 'ஐந்நூறு கம்மியா தரேன்' என்றால் வாங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பாஸ்வேர்ட் ரீசெட்டில் பொதுவாகப் பதிவுகள் போகாது. ஆனால் 'ஃபார்மேட்' என்று கேட்டால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். அது ஹார்டுடிஸ்க்கைத் துடைத்துவிடும்.

கைக்கு வந்ததும் டிவியில் இணைத்து மவுஸைப் பிடித்து, அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, ஓர் எண்ணும் போட்டால் போதும். ஞாபகத்திலும் நிற்கும், யூகிக்கவும் முடியாது. பெட்டி அத்தனை எழுத்து ஏற்காவிட்டால் மூன்று சொல். அதை நோட்டில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். எழுதி வைக்கவே கூடாது என்று சிலர் மிரட்டுவார்கள். இணையத்திலிருந்து நுழைகிறவனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. டி.வி.ஆர். மேலேயே ஒட்டி வைப்பதுதான் தப்பு. சர்வீஸ் ஆளுக்கு என்று படம் மட்டும் பார்க்கக்கூடிய தனிப் பயனர் ஒன்றைப் போட்டு, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இனிமேல் கேமரா மாட்டப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், உங்கள் போனில் உங்கள் நம்பரில் கணக்கு திறந்து, அட்மின் பாஸ்வேர்டை உங்கள் கையால் அடித்த பிறகு கொடுங்கள். அந்த அரை மணி நேரம் உட்கார மாட்டேன் என்கிற ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள். என் கடையாக இருந்தாலும் சரி.

மூன்று வயது மகன் தூங்குவதைப் பார்க்க, அவன் அறையில் சுழலும் கேமரா வைத்திருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். 'யாரோ எங்கிருந்தோ பார்ப்பான்' என்று அலுவலக நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?
– வாசகர், பெரம்பூர்

நடந்திருக்கிறது தம்பி. 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், எட்டு வயதுச் சிறுமியின் அறைக் கேமராவுக்குள் யாரோ நுழைந்து அந்தக் குழந்தையிடம் பேசினான். கேமரா கம்பெனியின் சர்வரில் ஓட்டை இல்லை, வேறு எங்கோ திருடப்பட்ட பாஸ்வேர்டுகளே காரணம் என்பது அந்தக் கம்பெனியின் விளக்கம். ஒரே பாஸ்வேர்டை ஷாப்பிங் தளத்துக்கும் கேமராவுக்கும் வைத்திருந்தால், ஷாப்பிங் தளத்தில் திருடியவன் கேமராவிலும் போட்டுப் பார்ப்பான். அதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன.

இன்னொரு வழி, கதவையே தட்டுவது. 2016-ல் 'மிராய்' என்ற நச்சு நிரல் இணையம் முழுக்க அலைந்து கேமராக்கள், டி.வி.ஆர்.கள், ரௌட்டர்களைத் தேடியது. அதன் கையில் இருந்தது 60-க்குக் கொஞ்சம் அதிகமான யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கிற 'அட்மின்', '12345' வகையறா. அதைக்கொண்டே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்துவிட்டது. அப்படிப்பட்ட கருவிகளை ஏவி அந்த வருடம் அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டிக் கொடுக்கும் 'டின்' என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் கல்லூரி வயதுப் பையன்கள் மூன்று பேர், மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை முடக்குவது அவர்களுடைய ஆரம்ப நோக்கங்களில் ஒன்று என்று பிறகு தெரிந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. கேமரா எப்போதும்போல் படம் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கு: கேமரா ஆப்புக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட். 'இரண்டு கட்டச் சரிபார்ப்பு' இருந்தால் போடுங்கள். பாஸ்வேர்ட் திருடுபோனாலும் ஓ.டி.பி. இல்லாமல் உள்ளே வர முடியாது. கேமராவின் மென்பொருள் புதுப்பிப்பைத் தானியங்கியாக வையுங்கள். ரௌட்டரில் 'யு.பி.என்.பி.' என்று ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலேயே வெளியிலிருந்து உள்ளே வர வழி திறந்துகொள்ள அது அனுமதிக்கிறது. வெளியிலிருந்து கேமராவுக்கு ரௌட்டரில் நேர்வழி திறக்கும் 'போர்ட் ஃபார்வர்டிங்' போடுகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போதைய கேமராக்கள் அது இல்லாமலேயே ஆப்பில் தெரியும். அப்புறம், ரௌட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருந்தால் கேமரா, ஸ்மார்ட் பல்பு, டிவி எல்லாவற்றையும் அதில் போட்டு, உங்கள் லேப்டாப்பையும் போனையும் தனியாக வையுங்கள். மலிவான பல்பு ஒன்று கெட்டுப்போனாலும் உங்கள் பேங்க் வேலை நடக்கும் லேப்டாப்பை எட்டிப் பார்க்க முடியாது.

புதிதாக வாங்கும்போது பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் குறியும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையும் இதில் கட்டாயம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்பதே சட்டப்படி தடை.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் கருத்தையும் சொல்கிறேன்: குழந்தை தூங்கும் அறையில் கேமரா வேண்டாம். பார்த்துக்கொள்கிற ஆயாவைக் கவனிக்க வேண்டும் என்றால் ஹாலில், வாசல் கதவு தெரிகிற மாதிரி வையுங்கள். கேமரா இருக்கிறது என்று அவரிடம் சொல்லியும்விடுங்கள். நீங்கள் வீட்டுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவதில் தப்பே இல்லை.

வாடகை வீடு. ஓனர் தன் வைஃபையை எங்களுக்கும் கொடுத்திருக்கிறார், மாதம் 300 ரூபாய். நான் போனில் பார்ப்பதெல்லாம் அவருக்குத் தெரியுமா? மாடிப்படியில் அவர் வைத்த கேமரா எங்கள் கதவையே பார்க்கிறது.
– பெயர் வேண்டாம், வியாசர்பாடி

வாட்ஸ்அப்பில் என்ன எழுதுகிறீர்கள், என்ன படம் அனுப்புகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாதும்மா. அது பூட்டித்தான் போகிறது. ஆனால் எந்த எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எவ்வளவு டேட்டா ஓடியது, எந்த நேரத்தில் உங்கள் போன் வீட்டில் இருந்தது என்பதை ரௌட்டரைத் தோண்டத் தெரிந்தவர் பார்க்கலாம். பேங்க் வேலைக்கு உங்கள் சொந்த டேட்டா போதும். நீங்கள் கேமராவோ ஸ்மார்ட் ஸ்பீக்கரோ வாங்கினால் அந்த வைஃபையில் போடாதீர்கள்.

படிக்கட்டுக் கேமரா விஷயம் கொஞ்சம் சங்கடமானது. பொதுப் படிக்கட்டைப் பார்க்க அவர் கேமரா வைக்கலாம். உங்கள் கதவு திறக்கும்போது உள்ளே தெரிவதுதான் பிரச்சினை. சண்டையில் ஆரம்பிக்க வேண்டாம். வீட்டுக்காரம்மாவிடம், 'உங்க போன்ல ஒருதரம் காட்டுங்களேன், எங்க வீட்டுக்குள்ள எவ்வளவு தெரியுதுன்னு பார்க்கலாம்' என்று கேளுங்கள். பார்த்தால் அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். கேமராவைத் திருப்பவே தேவையில்லை. அமைப்பில் 'பிரைவசி மாஸ்க்' என்று இருந்தால், உங்கள் கதவு வரும் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் போட்டுவிடலாம். அந்த இடம் பதிவாகவே ஆகாது. மைக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். படியில் நின்று நீங்கள் போனில் பேசுவது அவருக்கு எதற்கு?

குளியலறை, உடை மாற்றும் இடம் என்று எங்காவது கேமரா இருந்தால் அங்கே பேச்சே கிடையாது. நேராகக் காவல் நிலையம். ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளைச் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கக்கூடிய குற்றம்.

டிவியில் மாட்டினால் எல்லா சேனலும் படமும் இலவசம் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். ஒரு தரம் பணம் கட்டினால் போதுமாம். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், தங்கசாலை

வேண்டாம். பெயர் தெரியாத இந்த ஆண்ட்ராய்டு பெட்டிகளில் பலவற்றில் நச்சு நிரல் உள்ளேயே ஏற்றப்பட்டு வருகிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'பேட்பாக்ஸ் 2.0' என்ற பெயரில் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. உங்கள் வீட்டு இணையத்தை வழியாக்கி, வேறு எவனோ தன் திருட்டு வேலையை உங்கள் முகவரியிலிருந்து செய்வான். நச்சு ஆப்களைத் தடுக்கும் கூகுளின் காவல் வசதிதான் 'பிளே புரொடெக்ட்'; 'பிளே புரொடெக்ட்டை அணைத்துவிட்டு இதை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று பெட்டியோடு வந்த தாள் சொன்னால் அதுவே போதும் அடையாளம்.

கடற்கரைப் பக்கம் வீடு. ஒரு வருடத்தில் இரண்டு தடவை கேமரா படம் கோடு கோடாக ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் 'கேமரா போச்சு' என்று புதிது மாட்டுகிறார்கள். பாதுகாப்புக்கு வாங்கியது இப்படியானால் எப்படி?
– விசைப்படகு உரிமையாளர், காசிமேடு

கேமராவை மாற்றுவதற்கு முன் கேமராவுக்குப் பின்னால் இருக்கிற வெள்ளை டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள் அண்ணே. உங்கள் பக்கத்தில் நான் திறக்கிற டப்பாக்களில் கேபிள் முனையைத் திருகி எடுத்தால், நடுவில் இருக்கிற ஊசியைச் சுற்றிப் பச்சையாகப் பொடி பூத்திருக்கும். விரலில் தேய்த்தால் ஒட்டும். உப்புக் காற்று செம்பைத் தின்ற மிச்சம் அது. கேமரா உள்ளே நன்றாகவே இருக்கும். முனையை வெட்டி எறிந்து புதிதாகப் போட்டாலே படம் வந்துவிடும்.

மறுபடி வராமல் இருக்க, டப்பாவின் கேபிள் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கேபிள் டப்பாவுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது. முனையில் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றச் சொல்லுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் வேண்டாம், முழுச் செம்பு கேளுங்கள், விலை கூடத்தான். புதிதாகவே மாட்டுவதானால், ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் போகிற 'பி.ஓ.இ.' வகை நல்லது. வெளியில் அடாப்டர் தொங்காது, இணைப்புகளும் குறையும்.

கரண்ட் போனால் கேமராவும் ரௌட்டரும் சேர்ந்து படுத்துவிடும். திருடனுக்கு அதைவிட நல்ல நேரம் ஏது? ரௌட்டருக்கு என்றே கைக்கு அடக்கமான 12 வோல்ட் யு.பி.எஸ். கிடைக்கிறது. வாங்கும் முன் ரௌட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எல்லா ரௌட்டரும் 12 வோல்ட் இல்லை. டி.வி.ஆரை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள்.

எங்கள் தெருவில் பைக் திருட்டு. பத்து நாள் கழித்துப் போலீஸ் வந்து பதிவு கேட்டார்கள். எங்கள் பெட்டியில் அது அழிந்துபோயிருந்தது. எத்தனை நாள் பதிவு நிற்கும்?
– வாசகர், தண்டையார்பேட்டை

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதுகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. நான்கு கேமராவுக்குக் கிட்டத்தட்ட 86 ஜி.பி. அப்படியானால் ஒரு டெராபைட் ஹார்டுடிஸ்க்கில் பதினோரு நாள். அதற்கு மேல் பழையதன்மேல் புதியது எழுதப்படும். உங்களுடையது 500 ஜி.பி. ஆக இருந்தால் ஆறு நாள்கூட நிற்காது. பதிவு வகையை 'எச். 265' என்று மாற்றினால், அதே தரத்துக்குப் பாதி அளவுகூடப் போதும். நாள் கிட்டத்தட்ட இரட்டிக்கும். பெட்டியும் கேமராவும் அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். ஹார்டுடிஸ்க் மாற்றுவதானால் கண்காணிப்புக்கென்று வருவதையே வாங்குங்கள். கம்ப்யூட்டருடையது இரவு பகலாக எழுதிச் சீக்கிரம் உட்கார்ந்துவிடும்.

தெருவில் ஏதாவது நடந்தது என்று காதில் விழுந்த அன்றைக்கே, போலீஸ் வரக் காத்திருக்காமல் அந்த ஒரு மணி நேரப் பதிவை பென்டிரைவில் எடுத்து வையுங்கள். டி.வி.ஆரின் முன்னால் யு.எஸ்.பி. துளை இருக்கும், 'பேக்கப்' என்பதில் கேமரா எண், நேரம் கொடுத்தால் இறங்கிவிடும். டிவித் திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நம்பர் பிளேட் ஒன்றும் தெரியாது. பெட்டியில் இருப்பதை அழிக்கவும் வேண்டாம். வழக்கு நீதிமன்றம் போனால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். எந்தப் பெட்டியில் பதிவானது, யார் பொறுப்பில் இருந்தது என்பதெல்லாம் அதில் வரும்.

அதோடு இன்றைக்கே திரையின் மூலையில் ஓடும் நேரத்தை உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல பெட்டிகளில் நேர மண்டலத்தைத் தப்பாக விட்டிருப்பார்கள். இரவு பதினோரு மணிக்குப் போன பைக், பதிவில் மாலை ஐந்தரைக்குப் போயிருக்கும், அதுவும் இருட்டில். அமைப்பில் நேர மண்டலத்தை 5:30 கூட்டல் என்று வைத்து, 'என்.டி.பி.' என்பதை இயக்கிவிட்டால் இணையத்தைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். அதற்கப்புறமும் நேரம் பின்தங்கினால், உள்ளே இருக்கும் சிறிய காசு பேட்டரி தீர்ந்திருக்கும். பக்கத்து மின்சாமான் கடையிலேயே கிடைக்கும், கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.